கடைசிக் கம்பத்து வோல்ட்டேஜ்

ஏழாவது புகார் வந்தபோதுதான் அரசி அந்த நோட்டைப் பார்த்தாள்.

முதல் ஆறு புகார்களும் அவள் மேசைவரை வந்ததில்லை. மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரசி. நாடு முழுக்க நாற்பது லட்சம் கருவிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை எழுதிய தலைமைப் பொறியாளர். அப்படிப்பட்டவளிடம் போய், பல்லடத்துக்கு மேற்கே ஏதோ ஒரு புதூரில் ஒரு வீட்டு ஆக்சிஜன் மெஷின் சரியாக ஓடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சர்வீஸ் ஆட்கள் ஆறு முறை போய் வந்திருந்தார்கள். ஆறு முறையும் 'கோளாறு ஏதும் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். கடைசியாகப் போனவர் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'புகார் செய்பவருக்கு மனக்குழப்பம். பக்கத்தில் தறி ஓடினால் மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறார்.'

மதியச் சாப்பாட்டின்போது அந்த வரியை யாரோ வேடிக்கையாகப் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அரசியும் சிரித்தாள். அதன் பிறகு, புகாரோடு வந்திருந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. இருபத்தெட்டுப் பக்கம். தேதி, நேரம், விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு, அவ்வளவுதான்.

'காலை 8.15 – 91. 8.30 தறி போட்டாச்சு – 86. 11.00 – 83. மதியம் 1.00 சாப்பாட்டுக்குத் தறி நின்னது – 90. 2.00 தறி – 84. ஞாயிறு முழுக்க – 91.'

அரசியின் கையிலிருந்த ஸ்பூன் தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பெற்ற பிள்ளையின் நடையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வதுபோல அவள் அதைக் கண்டுகொண்டாள். அது ஒரு மின் கம்பியில் நாள் முழுக்க வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் விதம். மின்சாரத்தைப் பற்றி எதுவும் தெரியாத யாரோ ஒருவர், ஒரு மனிதரின் ரத்தத்தை வைத்து அதை நான்கு மாதம் அளந்திருக்கிறார்.

மறுநாள் காலையே அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் புதூரில் இறங்கியதுமே தறிச் சத்தம் காதை அடைத்தது. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி மூன்று தறிக்குடோன்கள். அங்கிருந்து கம்பி இருபத்திரண்டு கம்பங்கள் தாண்டி ஊர்க்கோடிவரை போகிறது. கடைசிக் கம்பத்துக்குக் கீழே ஓட்டு வீடு. வாசலில் நின்றிருந்த துளசிமணிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலையில் பஞ்சுத் துணுக்குகள். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுக்காவும் டெஸ்ட் பண்ணிப்போட்டு ஒன்னும் இல்லீன்னு எழுதிக் குடுக்க வந்திருந்தீங்கன்னா இப்பவே சொல்லிப்போடுங்க மேடம். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

"இல்லீங்கக்கா. நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

"முழுசுமா?"

"இருபத்தெட்டுப் பக்கமும்."

துளசிமணி கதவின் இரண்டாவது பாதியையும் திறந்துவிட்டாள்.

உள்ளே இரும்புக் கட்டிலில் முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார் அவள் கணவர் சென்னியப்பன். முப்பத்தொரு வருடம் நூல் மில்லில், பஞ்சுப் பேல்களைப் பிரித்து உதறும் அறையில் வேலை பார்த்தவர். அந்தப் பஞ்சுத் தூசி அவர் நுரையீரலில் படிந்து கெட்டியாகிவிட்டிருந்தது. மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அதில் பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குண்டு ஐந்து லிட்டரில் நின்றது. அரசியைப் பார்த்து அவர் கையை மட்டும் கூப்பினார். பேசினால் அடுத்த மூச்சுக்குப் போதாது.

அரசி மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தாள். கம்பியிலிருந்து வருவது நூற்றுத் தொண்ணூற்றொரு வோல்ட். மெஷினுக்குள் முந்நூற்றுத் தொண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று முப்பத்தொன்று.

"அஞ்சு லிட்டர் காட்டுதுங்களே, அது பொய்யிங்களா?" என்று கேட்டாள் துளசிமணி.

"பொய்யில்லை. அஞ்சு லிட்டர் காத்து வருது. ஆனா அந்தக் காத்துல ஆக்சிஜன் நூத்துக்குத் தொண்ணூத்திமூணு இருக்கணும். இப்போ எண்பத்தஞ்சுதான் இருக்கு. எண்பத்திரண்டுக்குக் கீழ போனாத்தான் சிவப்பு விளக்கு எரியும். எங்க ஆளுங்க விளக்கை மட்டும் பார்த்துட்டுப் போயிருக்காங்க. உள்ள மோட்டார் மெதுவா ஓடுது."

"ஏன் மெதுவா ஓடுது?"

அரசி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "எல்லா மெஷினுக்கும் வாய் மாதிரி ஒரு பெட்டி இருக்குங்கக்கா. கன்வெர்ட்டர்னு சொல்லுவோம். கரண்ட் அது வழியாத்தான் உள்ள போகும். வெளிய வோல்ட்டேஜ் எப்படி இருந்தாலும் உள்ள முந்நூத்தித் தொண்ணூறு வெச்சிருக்கறது அதோட வேலை. அதைக் கவனிச்சுக்க ஒரு சிப்பு. அந்தச் சிப்புக்குள்ள ஓடற புரோகிராம் நான் எழுதினது."

"செரி."

"முன்னாடியெல்லாம் லைன்ல வோல்ட்டேஜ் குறைஞ்சா இந்தப் பெட்டி இன்னும் அதிகமா இழுக்கும். உள்ள முந்நூத்தித் தொண்ணூறு ஆகணுமில்ல? ஊர்ல இருக்கற அத்தனை பெட்டியும் ஒரே நேரத்துல இழுத்தா லைன் மொத்தமாப் படுத்துரும். பத்து வருஷத்துக்கு முன்னாடி அஞ்சு நாள் நாடு முழுக்க இருட்டாச்சே, அது அப்படித்தான் வந்துச்சு."

"மறக்குமுங்களா?"

"அதுக்கப்புறம்தான் நான் மாத்தி எழுதினேன். லைன் தளர்ந்தாப் பெட்டி தன் தேவையைத் தானே குறைச்சுக்கும். முந்நூத்தித் தொண்ணூறு கேக்கற இடத்துல முந்நூத்தி அறுபது போதும்னு இருந்துக்கும். எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா யாருக்கும் கரண்ட் போகாது. அது சட்டமாவே வந்துருச்சு. ஒன்பது வருஷமா எங்கயும் கரண்ட் கட் இல்லையே, அதுக்குக் காரணம் அதுதான்."

துளசிமணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி யோசித்தாள். "லைன் தளந்துருச்சுன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"தன் வாசலுக்கு வர்ற வோல்ட்டேஜைப் பார்த்து."

"எங்க வாசலுக்கு எப்பவுமே கம்மியாத்தானுங்க வரும். கடைசிக் கம்பமுங்களே." ஜன்னல் வழியே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கையைக் காட்டினாள். "அதா அந்தக் குடோனுக்கெல்லாம் நல்லா வரும். டவுனுக்குள்ள இன்னும் நல்லா வரும். அவிய பெட்டிக்கு லைன் தளந்ததே தெரியாதுங்களே. அப்ப அவிய எப்ப விட்டுக்கொடுப்பாங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அரசிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. பத்து வருடத்துக்கு முன்பு, நிரலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோதே கடைக்கோடி வீடுகள் மட்டும் எப்போதும் தாழ்ந்து கிடப்பதை அவள் பார்த்திருந்தாள். அறிக்கையில் அதற்கு ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'லைனின் முடிவில் சிறு ஏற்றத்தாழ்வு உண்டு, பொருட்படுத்தத் தக்கதன்று.' கடைக்கோடியில் இருப்பவை ஃபிரிட்ஜும் மிக்ஸியும் என்றே அப்போது நினைத்திருந்தாள்.

"ஸ்டெபிலைசர் வெச்சுப் பாத்தமுங்க. சட்டப்படி வெக்கக் கூடாதுன்னு கழட்டிப்போட்டாங்க. சிலிண்டர் வாங்குனா அஞ்சு மணி நேரத்துல தீந்துருது. தறிய நிறுத்தச் சொல்லவா முடியும்? நானே அங்கதான வேலைக்குப் போறேன்."

அரசி லேப்டாப்பைத் திறந்து மெஷினோடு இணைத்தாள். செய்யக் கூடாத காரியம்தான். ஆனாலும் யோசிக்கவில்லை. விட்டுக்கொடுக்கும் பகுதியை அந்த ஒரு மெஷினில் மட்டும் நிறுத்தி வைத்தாள். மோட்டாரின் முனகல் மெல்ல உயர்ந்து ஒரே சுருதியில் நின்றது. பத்து நிமிடத்தில் சென்னியப்பனின் விரலில் எண்பத்திநாலு எண்பத்தெட்டானது. அரை மணி நேரத்தில் தொண்ணூற்றிரண்டு. வெளியே தறி ஓடிக்கொண்டேயிருந்தது.

"துளசி," என்றார் சென்னியப்பன். குரல் கரகரத்தது. "வந்தவிங்களுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி கூட வெக்காம என்ன பேச்சுப் பேசிட்டிருக்கற?"

துளசிமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்றோ. அடுப்படிக்குள் ஓடியவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பாத்திரச் சத்தமும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் கிரிதரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர்தான் அந்தப் பிரிவின் தலைவர். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அந்த ஐந்து நாள் இருட்டில், டயாலிசிஸில் இருந்த தம்பியைப் பறிகொடுத்தவர்.

"மருத்துவக் கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துரலாமே அரசி?"

"கொடுக்க முடியாது சார். நம்ம பெட்டிக்குத் தான் எதுக்குள்ள இருக்கோம்னே தெரியாது. ஒரே பெட்டிதான். வாஷிங் மெஷின்காரரும் வாங்கறாரு, மீன் தொட்டிக்காரரும் வாங்கறாரு, ஆக்சிஜன் மெஷின்காரரும் வாங்கறாரு."

"அப்புறம்?"

"எல்லாப் பெட்டியும் ஒரே அளவுகோலை வெச்சுப் பார்க்கறது தப்பு. ஒவ்வொன்னும் தன் வாசல்ல வழக்கமா எவ்வளவு வரும்னு ஒரு மாசம் பார்த்துக் கத்துக்கட்டும். அந்த வழக்கத்துல இருந்து எவ்வளவு குறையுதோ அதுக்குத் தக்கபடி விட்டுக்கொடுக்கட்டும். அப்போ டவுன்ல இருக்கறவங்களும் சமமா விட்டுக்கொடுப்பாங்க."

"டவுன்ல ஏசி குறையும். லிஃப்ட் குறையும். ஆஸ்பத்திரிகளும் டவுன்லதான் இருக்கு." கிரிதரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கோடை உச்சத்துக்கு இன்னும் இரண்டு மாசம். இப்பப் போயி நாற்பது லட்சம் பெட்டியை மாத்தி, ஒன்னுகிடக்க ஒன்னு ஆச்சுன்னா? முறையா எழுதிக் கொடுங்க. அனுமதி வர ஒன்றரை வருஷம் ஆகும். ஆகட்டும்."

"ஒன்றரை வருஷத்துக்கு அவங்க மூச்சை யார் விடுவாங்க சார்?"

"அந்த ஒரு வீட்டைத்தான் சரிபண்ணிட்டீங்களே. நான் எதுவும் கேக்கல."

அவர் பெரிய மனதோடுதான் அப்படிச் சொன்னார். அரசியும் அதை ஏற்றுக்கொண்டாள். முறையாக எழுதிக் கொடுத்தாள்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, கீழே வரவேற்பறையில் ஒரு அம்மா காத்திருப்பதாகச் சொன்னார்கள். அரசி இறங்கி வந்தாள். துளசிமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் படர்ந்திருந்தது.

"அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒன்னுமில்லீங்க. நல்லா இருக்கறாரு. நெம்ப நல்லா இருக்கறாரு." துளசிமணி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். "எங்களுக்கு முந்துன கம்பத்து ஊட்டுல ஆறுச்சாமின்னு ஒருத்தருங்க. இவரோட ஒரே மில்லுல, ஒரே ரூம்ல வேலை பாத்தவரு. அவருக்கும் இதே மெஷினுதான். செவ்வாக்கெழமை மத்தியானம் தவறிப் போயிட்டாருங்க. மருமவ குடோன்ல எம்பக்கத்துத் தறியில நின்னுட்டிருந்தா. மெஷினு கத்தியிருக்குது. தறிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல."

அரசி நின்றபடியே இருந்தாள்.

"சண்டைக்கு வரலீங்க மேடம். ஒன்னே ஒன்னு கேக்கோணும். அன்னைக்கு எங்க மெஷினு விட்டுக்கொடுக்கறத நிறுத்தினீங்களே. அது விட்டுக்கொடுக்காத பங்கை யாரு குடுத்தாங்க?"

இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆறுச்சாமி ஏற்கெனவே நோய் முற்றியவர் என்று சொல்லலாம். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு மெஷினால் கம்பியில் பெரிதாக எதுவும் ஆகிவிடாது என்றும் சொல்லலாம். அதிலும் முக்கால்வாசி உண்மைதான்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்று மேலே போனாள். ஒவ்வொரு பெட்டியும் தன் கதையைத் தானே எழுதிவைக்கும். ஆறுச்சாமி வீட்டுப் பெட்டியின் பதிவைத் தேடி எடுத்தாள். வாசலுக்கு வரும் வோல்ட்டேஜ் நூற்று எண்பத்தாறுக்குக் கீழே போனால் பெட்டி படிப்படியாக இறங்காது. லைனைக் காப்பாற்ற ஒரேயடியாகப் பாதிக்கு விழுந்துவிடும். அந்தப் படியும் அவள் வைத்ததுதான். நான்கு வருடப் பதிவில் ஒரு நாள்கூட அது நூற்று எண்பத்தேழுக்குக் கீழே போனதில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி நேரம் நூற்று எண்பத்தைந்தரையில் கிடந்திருந்தது. ஒன்றரை வோல்ட். சென்னியப்பனின் மெஷின் அவள் கைப்பட்ட பிறகு கூடுதலாக இழுத்ததில் கம்பியில் குறைந்ததும் அதே அளவுதான்.

திரும்பி வந்து துளசிமணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

துளசிமணி அழவில்லை. "அப்படித்தான் இருக்கும்னு அவரு சொன்னாருங்க," என்றாள். "உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

சென்னியப்பன் சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது நாளில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"வாங்க அம்மிணி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இத்தன நாளு மனுசனாட்ட மூச்சு உட்டேன். இனி என்ற மெஷினையும் மத்தவிங்களாட்டவே வெச்சுப்போடுங்க."

"அண்ணா, நான் மேல எழுதிக் கொடுத்திருக்கேன். சீக்கிரமே..."

"இந்த லைன்ல இதே மெஷினோட இன்னும் மூணு பேரு இருக்கறாங்க. எல்லாம் எங்க மில்லுக்காரங்கதான். நானும் ஆறுச்சாமியும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். எதுத்தாப்பல மெஷினு. தூசியில மூஞ்சி தெரியாது. இருமறத வெச்சுத்தான் அவன் இருக்கறான்னு தெரிஞ்சுக்குவேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இப்ப அவன் மூச்சையே நான் இழுத்துட்டு இருக்கறாப்பல இருக்குது. எனக்கு வேண்டாமுங்க."

"உங்களுக்கென்ன, சொல்லிப்போடுவீங்க!" துளசிமணியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "மூச்சுக் கெடைக்காமத் தவிக்கறப்ப முதுகத் தேச்சுட்டு உக்காந்திருக்கறது யாரு? நாந்தான? நாலு மாசம் நோட்டு எழுதி நாய் படாத பாடுபட்டு இந்த மெஷின நேராக்கினது இதுக்கா? அந்த மூணு பேருக்கும் நானா பதில் சொல்லோணும்? ஊரு ஒலகத்துல யாருமே சொல்லலியே, நான் மட்டும் ஏன் சொல்லோணும்?"

சொல்லிக்கொண்டே மெஷினுக்கும் அரசிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். சென்னியப்பன் கையை நீட்டி அவள் முந்தானை நுனியைப் பிடித்தார், அவ்வளவுதான். பிறகு அவள் அவர் பக்கமாக நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரசி பழைய நிரலை மீண்டும் ஏற்றினாள். மோட்டாரின் சுருதி இறங்கிக்கொண்டே போனது. இறங்கி நிற்கும்வரை மூவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, தன் மேசையிலிருந்து, தனக்குத் தரப்பட்ட மின்னணுச் சாவியைக் கொண்டு, அரசி புதிய நிரலை நாற்பது லட்சம் பெட்டிகளுக்கும் அனுப்பினாள். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மாதம் காத்திருந்து கற்றுக்கொள்ளவும் விடவில்லை. ஒவ்வொரு பெட்டியிடமும் அது ஓடத் தொடங்கிய நாளிலிருந்தான பதிவு இருக்கிறது. வழக்கம் எதுவென்று அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தாள். பெட்டிகள் பாதிக்கு விழும் அந்தப் படியையும் எடுத்துவிட்டாள். அனுப்பிவிட்டு, நாடு இருட்டானால் என்ன சொல்வது என்று யோசித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

கடைக்கோடிப் பெட்டிகள் முந்நூற்று முப்பதிலிருந்து முந்நூற்றெண்பதுக்கு ஏறின. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய தறிகளும், நகரத்துக் கடைகளும், அடுக்குமாடிகளும், அலுவலகங்களும் முதல்முறையாக விட்டுக்கொடுத்தன. முந்நூற்றுத் தொண்ணூறில் இருந்தவை முந்நூற்றெண்பத்தாறுக்கு வந்தன. நான்கு வோல்ட். ஏசி நிற்கவில்லை. லிஃப்ட் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் ஒரு திரைகூட மினுங்கவில்லை. கோடை உச்சம் வந்து போனது. எழுபது நாள் அவள் காத்திருந்தாள். நகரத்திலிருந்து ஒரே ஒரு புகார்கூட வரவில்லை.

நான்கு வோல்ட்தானா என்று அவள் அந்த எழுபது நாளும் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிதாக ஏதாவது நடந்திருந்தால், விளக்குகள் மங்கி ஊர் கூச்சல் போட்டிருந்தால், பத்து வருடம் செய்யாமல் இருந்ததற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

எழுபத்தோராவது நாள் அவளே போய்ச் சொன்னாள். கிரிதரன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "எனக்கே தெரியலையே அரசி," என்றார்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பழைய நிரலால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கேட்டார்கள். எண்ண முடியாது என்றாள். பெட்டிக்குத் தான் எதற்குள் இருக்கிறோம் என்று தெரியாதே. 'பாதிப்பு: தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிரலை நீக்கவில்லை. அடுத்த வருடம் அதற்கு வேறொரு பெயர் வைத்துப் புதிய முன்னேற்றம் என்று அறிவித்தார்கள்.

சென்னியப்பன் ஐப்பசி மழையில் இறந்துபோனார். நோய் முற்றித்தான். "கடைசி அஞ்சாறு மாசம் நெம்பக் கஷ்டப்படலீங்க அம்மிணி. பேசிட்டே இருந்தாரு," என்றாள் துளசிமணி போனில். "நீங்க என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?"

அரசி சொன்னாள். வேலையை விட்டு வரும்போது ஒரு பட்டியல் எடுத்து வந்திருந்தாள். வருடக்கணக்கில் முந்நூற்று நாற்பதுக்குக் கீழே கிடந்த பெட்டிகளின் பட்டியல். சுற்றுவட்டாரத்தில் மட்டும் தொள்ளாயிரத்துப் பதினான்கு வீடு. ஒவ்வொன்றாகப் போய், இந்தப் பெட்டி எந்த மெஷினுக்குள் இருந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெரும்பாலும் மாவரைக்கும் மெஷின், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார். சில வீடுகளில் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.

"யாராவது எண்ணித்தானே ஆகணும்," என்றாள்.

"தனியாவா போறீங்க? உங்களுக்கு அந்தமாதிரி ஊட்டுல பேசத் தெரியாதுங்க. ஞாயித்துக்கெழமை தறி லீவு. நானும் வாரேன்."

அப்படித்தான் அவினாசிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு இருவரும் போனார்கள். நஞ்சப்பன் என்பவர் வீடு. அறுபது வயது இருக்கும். வெங்காயத் தாளை உதறிக் காயவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அரசி பெட்டியின் எண்ணைச் சொல்லி, அது என்ன மெஷின் என்று கேட்டாள்.

"அதுங்களா? என்ற ஊட்டுக்காரி ரங்கநாயகிக்கு வெச்சிருந்த காத்து மெஷினுங்க. மூணு வருசம் ஆச்சு. திருப்பிக் குடுத்துட்டமே."

"மெஷின்ல ஏதாவது குறை இருந்துச்சுங்களா?"

"மெஷினு மேல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. கம்பெனி ஆளுங்க நாலு தடவ வந்து பாத்தாங்க. பச்சை லைட்டு கடைசி வரைக்கும் எரிஞ்சுதுங்க." அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எம்மேலதான் தப்பு. அதுல ஒரு தண்ணி டப்பா இருக்குமுங்க, தெனமும் கழுவோணும். தோட்டத்து வேலையில ஒருநாள் ரெண்டு நாளு விட்டுருப்பேன். அதுலதான் அவளுக்கு மூச்சு முட்டிப் போச்சு. பையன் அதுக்கப்பறம் எங்கூடப் பேசறதில்லீங்க. அவனச் சொல்லியும் குத்தமில்ல."

துளசிமணி அரசியின் முழங்கையை மட்டும் தொட்டாள்.

"தண்ணி டப்பாவால இல்லீங்க," என்றாள் அரசி. "உங்க மேல ஒரு தப்பும் இல்லை. யார் மேலன்னு நான் சொல்றேன். உங்க பையனையும் கூப்பிடுங்க. அவரும் கேக்கட்டும்."

நஞ்சப்பன் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே கயிற்றுக் கட்டிலை விரித்துப் போட்டுவிட்டு, போனைத் தேடப் போனார். அரசி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய், கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, அவர் மகன் வருவதற்காகக் காத்திருந்தாள்.